நான் போனால் தோற்கும்

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு நூல்மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். என் மனைவியின் அண்ணன் பஜாரில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் கடை வைத்திருந்தார். ஊர் வாலிபால் டீம் எங்கே ஆடினாலும் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆட்டத்துக்கு முன் மாரியம்மன் குங்குமத்தை வலைக்கம்பம் இரண்டிலும் வைப்பார். ஆட்டம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கேலி செய்துகொண்டே கூடப் போவேன். வாலிபால் பைத்தியம் எனக்கும் உண்டு.

அந்த வருஷம் நான் பார்த்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். மில்வேலையில் மாட்டிக்கொண்டு போகாத இரண்டிலும் ஜெயித்தோம். நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார்.

அந்த இரண்டு வெற்றியில் காரியாபட்டி டோர்னமென்டில் பைனலுக்கு வந்திருந்தோம். அன்று காலையிலேயே வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, தப்பா நெனைக்கக் கூடாது. இன்னைக்கு நீங்க வர வேணாம்."

"நான் வந்தா பந்து வலையத் தாண்டாதா மச்சான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வராதீக."

அவர் போனதும் ஆத்திரம் தாங்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். அப்போது மச்சான் திரும்பிப் பார்த்தார். கண்டுகொண்டார். திட்டவில்லை, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நான்கு பாயிண்டும் எதிராளிக்குப் போயின.

நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை. பின்னால் பெரிய கூச்சல் எழுந்தது. யாருடையது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மச்சான் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"பாத்தீகளா? நீங்க நகந்ததுமே ஜெயிச்சுட்டோம்!"

"அது தற்செயல்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அடுத்த வாரம் பாலவனத்தத்தில் ஆட்டம். யாரும் சொல்லாமல், நானாகவே வீட்டில் இருந்துவிட்டேன். தோற்றுப்போனார்கள். சாயங்காலம் மச்சான் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எந்தப் பக்கம் நின்னீக?"

"நான் வரவேயில்ல மச்சான். உங்க தங்கச்சியக் கேளுங்க."

"இங்கதாண்ணே இருந்தாக" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

தலையாட்டிக்கொண்டார். பிறகு வாசலில் கிடந்த என் செருப்பைக் கையில் எடுத்து, அடியில் புது மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.