சுவரில் தங்கிவிட்ட தாள்

“பிற்பகல் 1.10. தாள்கள் எல்லாம் கழற்றப்பட்டன. மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன. சாவி வாட்ச்மேனிடம்.”

ஒரு ஜூலை மாதத்து மூன்றாம் சனிக்கிழமைக்கான என் குறிப்பேடு இப்படி முடிகிறது. ஆண்டை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இதில் வரும் ஒரு பெண்ணை அடையாளம் கண்டுகொள்வது சுலபமாகிவிடும். மின்விசிறியும் சாவியும் உண்மை. முதல் வாக்கியம் உண்மையல்ல. ஒரு தாள் சுவரிலேயே இருந்தது.

மயிலாப்பூரில் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடம் அது. மாலை நேரப் படிப்பு மையம் நடத்துபவர்கள், கால்பந்து பயிற்சி தருபவர்கள் என்று இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு அங்கே எட்டு சனிக்கிழமைகள் மனித உரிமைக் கல்விப் பயிற்சி நடந்தது. வெறுப்புப் பேச்சை எப்படி இனங்காண்பது, எப்படிப் பதில் சொல்வது, பிள்ளைகளிடம் அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். நடத்தியவர் அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் அபிராமபுரத்திலிருந்து நடந்துபோய், நடப்பதை எழுதிவைப்பவன். ‘ரிப்போர்ட் சார்’ என்று கூப்பிடுவார்கள்.

அந்தக் காலைகளை நினைத்தால் முதலில் வருவது வெங்காய சமோசாவின் வாசனை. பிறகு டீச்சர் வீட்டிலிருந்து எடுத்துவரும் துணி கிளிப்புகள். சுவரோரக் கயிற்றில் தாள்களை மாட்டுவதற்கு. ஒரு விளையாட்டு உண்டு. டீச்சர் ஒரு கருத்தைச் சொல்வார். ஒப்புக்கொள்பவர்கள் ஜன்னல் பக்கமும் மறுப்பவர்கள் கதவுப் பக்கமும் போய் நிற்க வேண்டும். கடலோர மீனவர் பகுதியான நொச்சிக்குப்பத்துக் கால்பந்துப் பயிற்சியாளன் ஒருவன் எந்தக் கருத்துக்கும் நடுவிலேயே நிற்பான். நடுநிலையா என்று டீச்சர் கேட்டதற்கு, “இல்ல மிஸ், ஃபேனு இங்கதான் கீது” என்றான். அன்று சிரித்ததில் பத்து நிமிடம் போனது, அதையும் குறித்திருக்கிறேன்.

மூன்றாம் சனிக்கிழமைப் பயிற்சியின் பெயர் ‘கேட்ட வாக்கியம்’. தன்னைப் பற்றியோ தன் மக்களைப் பற்றியோ நேரில் கேட்ட ஒரு வசையை ஒருவர் சொல்ல வேண்டும். அதை ஒரு தாளில் எழுதிவைத்து, அடுத்த நான்கு தாள்களில் எல்லோரும் சேர்ந்து அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: யாருக்குக் காயம், எந்த உரிமை பறிபோகிறது, எப்படிப் பரவுகிறது, என்ன பதில் சொல்லலாம். சொன்னவரின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது டீச்சரின் விதி. ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதியும், அதை எழுதிய கையின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் விதி. பெயரில்லாத காகிதம் நாளைக்கு யாருக்கும் பயன்படாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டும் ஒரே தாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

அன்று சொன்னவன் அந்தப் பயிற்சியாளன். அடையாறில் ஒரு அடுக்குமாடி வளாகத்துக்குத் தன் பையன்களை விளையாட அழைத்துப் போனபோது, அங்கே குடியிருக்கும் ஒருவர் இவன் முகத்தைப் பார்த்தபடியே வாட்ச்மேனிடம் சொன்னாராம்: “குப்பத்துப் பசங்களை உள்ளே விட்டால் வாசலில் செருப்புகூட மிஞ்சாது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எழுதியது கையெழுத்து அழகான ஒரு பெண். கச்சேரி சாலைப் பக்கம், உருது பேசும் குடும்பம். நொச்சிக்குப்பத்தில் வலைகள் வைக்கும் அறை ஒன்றில் நான்கு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்தாள். வாக்கியத்தைக் குண்டு குண்டாக எழுதி, என் விதிப்படி அடியில் தேதியும் தன் பெயரும் போட்டாள்.

பதில்கள் இருந்த நான்கு தாள்களையும் டீச்சர் தட்டச்சு செய்யச் சுருட்டி எடுத்துப் போனார். முதல் தாள் கயிற்றிலேயே நின்றுவிட்டது.

ஞாயிறு காலை அந்தக் கூடத்தில் வேறு ஒரு கூட்டம். அன்று மாலைக்குள் தாளின் படம் குப்பத்துக் கைபேசிகளில் இருந்தது: நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மிஸ் நம்மைப் பற்றி எழுதியது இது. கைமாறியபோது அவள் மதமும் அதில் சேர்ந்துகொண்டது. திங்களன்று மையத்துக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. வெள்ளிக்குள் அறைச் சாவியைத் தந்துவிடும்படி குப்பத்து ஆட்கள் சொன்னார்கள்.

செவ்வாயன்று கூடத்தில் டீச்சர், அந்தப் பெண், நான் என மூவர் உட்கார்ந்திருந்தோம். என் குறிப்பேட்டில், யார், எத்தனை மணிக்குச் சொன்னது என்பது வரை இருக்கிறது, காட்டிவிடுகிறேன் என்றேன். கற்றுக்கொடுத்த விதியை முதல் சோதனையிலேயே உடைப்பதா என்று டீச்சர் தயங்கினார். அந்தப் பெண் தயங்கவில்லை.

“வேணாம் சார். அவங்க அம்மாவுக்கே தெரியாது அது. நம்மள நம்பிச் சொன்னாரு.”

“உன் சென்டர் போயிடுமேம்மா.”

“அதுக்கு அவரு அசிங்கப்படணுமா?”

குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அப்படி வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியாளன் மூன்று நாட்கள் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்று, மற்ற நான்கு தாள்களையும் கிளிப்புகளையும் கேட்டானாம். மாலை 5.40க்கு, சாலையோரம் பெண்கள் மீன் விற்கும் இடத்தில், கரையேறிய ஒரு படகின் கயிற்றில் ஐந்து தாள்களையும் வரிசையாக மாட்டினான். நாங்கள் மூவரும் சற்றுத் தள்ளி நின்றோம்.

“இது மிஸ்ஸு சொன்னது இல்ல. என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, பசங்க முன்னாடி. நான் சொன்னேன், அவங்க எழுதுனாங்க. மீதி நாலையும் படிங்க.”

ஒரு அம்மாள் கத்தியைக் கீழே வைக்காமலே, “அத்த ஞாயித்துக்கெழமையே சொல்றதுக்கு இன்னா நைனா? நாலு நாளா புள்ளைங்க வூட்ல உசுர வாங்குதுங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். இரண்டு கூடை தள்ளி உட்கார்ந்திருந்த அவன் அம்மா சிரிக்கவில்லை. எந்த வளாகம் என்று கேட்டார். சொன்னான்.

“அங்கதான் வாரா வாரம் வஞ்சிரம் குடுத்துக்கினு கீறேன்” என்றார். மீன் கேட்டு வந்த ஒருவரை, அப்புறம் வரச்சொல்லிக் கையசைத்தார்.

முதலில் பேசிய அம்மாள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “இன்னா மிஸ்ஸு, நாளிக்குத் தொறப்பியா?”

“சாவி கேட்டாங்களே ஆன்ட்டி.”

“கேட்டவன்கிட்ட நாங்க பேசிக்கிறோம். நீ தொற.”

வெள்ளியன்று மையம் திறந்தது. பெரும்பாலான பிள்ளைகள் வந்தார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகள் பிறகும் வரவேயில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து வசையையும் பதிலையும் ஒரே தாளில் எழுதவைத்தார் டீச்சர். அடியில் பெயர் போடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கூடத்தில் சனிக்கிழமைகளில் யோகா வகுப்பு. கயிறு கட்டிய ஆணிகள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால், நடுவில் தொங்கும் மின்விசிறியை ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

படம் எடுத்தது யார் என்று தெரியவில்லை; டீச்சர் விசாரிக்க விடவில்லை. எனக்குத் தெரியவேண்டியது வேறு. தாள்கள் கழற்றப்பட்டன என்ற வரியை நான் சுவரைப் பார்த்துவிட்டு எழுதினேனா, வாரா வாரம் எழுதும் பழக்கத்தில் முன்கூட்டியே எழுதிவைத்தேனா? முன்னதுதான் என்றால், மேலே நான் சொன்னது தவறு; நான் போன பிறகு யாரோ தாளைத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். வாட்ச்மேனிடம் இருமுறை கேட்டேன், அவருக்கு நினைவில்லை. அந்த வரியும் மற்ற வரிகளும் ஒரே மைதான்; அதை வைத்தும் சொல்ல முடியவில்லை. இது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.