பெயருக்கு முன்னால் ஒரு கலாநிதி

கற்பிட்டியில் ஒருவனின் பேச்சு எடுபட வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டும். டொக்டர், எஞ்சினியர், ஹாஜியார், ஏதோ ஒன்று. ஒன்றுமில்லாதவன் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறான் என்று நினைப்பார்கள். பதியுதீனுக்கு ஒன்றும் இல்லை.

என் தேநீர்க் கடைக்கு எதிரே கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோ கொப்பி அடிப்பார், போனுக்கு ரீலோட் போடுவார். உயர்தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் படித்து இரண்டு தடவை கோட்டை விட்டவர். யுத்தம் முடிந்த பிறகு வாரப் பத்திரிகை ஒன்றில் அறிவியல் கட்டுரை எழுதத் தொடங்கினார். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்பார். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரைப் போனிலேயே துளைத்தெடுப்பார். எழுதியதை மனைவி சித்தி லெய்லாவுக்கு வாசித்துக் காட்டுவார். அவர் "விளங்கல்ல" என்று சொன்ன வரியை மறுபடி எழுதுவார். "நான் எழுதினா என்ட மாணவர்களுக்கே விளங்காது, நீங்களே எழுதுங்க" என்று அந்த விரிவுரையாளர் சொன்னாராம். அவர் பெரிய மனிதர். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் வேறு மாதிரி.

ஒரு வருடம் கிணறுகளைப் பற்றி எழுதினார். வெங்காயத் தோட்டத்தில் கொட்டும் உரம் மணலுக்குள் இறங்கிக் கிணற்றில் சேர்கிறது, அதிலுள்ள நைத்திரேற்று கைக்குழந்தைக்கு ஆபத்து, கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும், அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்காதீர்கள். இவ்வளவுதான் விஷயம். என் கடையில் வைத்து, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் லத்தீப்பிடம் முதலில் சொன்னார். காக்காவுடைய மகளின் பிள்ளைக்குப் பால்மாதான்.

"கொதிச்ச தண்ணில கெடுதியா? நீ என்ன டொக்டரா?" என்றார் லத்தீப். கடையே சிரித்தது.

பத்திரிகை வந்தது. பெயருக்கு முன்னால் 'கலாநிதி', பிஎச்.டி. முடித்தவர்களுக்குப் போடும் பட்டம். ஆசிரியர் தானாகப் போட்டுவிட்டார். அப்போதுதான் எடுபடுமாம். எடுபட்டதுதான் வெட்கக்கேடு. சிரித்த அதே லத்தீப் எழுந்து நின்று உரத்து வாசித்தார். "எங்கேயோ தபால்ல படிச்சி எடுத்திருப்பான்" என்றார் பெருமையோடு. அன்றே பேரப்பிள்ளைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கினார்.

"திருத்தம் போடச் சொல்லுங்க" என்றேன் பதியுதீனிடம்.

"போடத்தான் வேணும். ஆனா அந்தப் புள்ள இப்பத்தான் நல்ல தண்ணி குடிக்கிது. கொஞ்சம் வளரட்டும்" என்றார்.

வளர விடவில்லை. உரக்கடை அஸ்ஹான் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவன். உரம் விற்காமல் போய்விடுமோ என்ற பயம் வேறு. "பயோவில ரெண்டு தரம் பெயிலானவன் கலாநிதியாம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். எய்தவன் இருக்க அம்பை நொந்தார்கள். பட்டத்தைப் போட்ட பத்திரிகையே மூலையில் வருத்தம் தெரிவித்துவிட்டு அவருடைய எழுத்தை நிறுத்தியது. கலாநிதி பொய்யாம், அதனால் நைத்திரேற்றும் பொய்யாம். இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்களோ! லத்தீப் வீட்டில் மறுபடி கிணற்றுத் தண்ணீர். முன்னெச்சரிக்கையாக இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தார்கள். பதியுதீன் அவர்கள் வீட்டுக்கே போய்க் கெஞ்சினார். "களவாணிக் கதை இங்க வேணாம்" என்று கதவைச் சாத்தினார்கள்.

ஒரு நாள் காலையில் பிள்ளையின் உதடும் நகமும் நீலமாகிவிட்டன. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. அல்லாஹ்வுக்கே புகழ்.

பிள்ளை வீடு திரும்பிய பிறகு லத்தீப் என் கடைக்கு வந்தார். பதியுதீன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தார்.

"டொக்டரு சென்னாரு, கெணத்துத் தண்ணிய கொதிக்க வெச்சா கெடுதி கூடுமாம். யாருக்குத் தெரியும் இதெல்லாம்? படிச்சவங்க இந்த மாதிரி விசயத்தப் பேப்பர்ல எழுதினா என்ன?"

கையிலிருந்த கொதிதண்ணீரை அவர் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது எனக்கு. பதியுதீன் கிளாசைக் கீழே வைத்தார்.

"புள்ளக்கி இப்ப எந்தத் தண்ணி காக்கா?"

"போத்தல் தண்ணிதான். டொக்டரு சென்னாரே."

"நல்லம்" என்றார் பதியுதீன்.