ஈஸ்டர் கல்லறையில் வெந்தயக் கீரை

ஈஸ்டருக்கு எங்கள் சர்ச்சில் வருஷாவருஷம் ஒரு கல்லறை செய்து பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தெர்மகோலில் வெட்டி, சாம்பல் நிறம் அடித்து, ஓரமெல்லாம் ஜிகினா தூவிய கல்லறை. அவ்வளவு பளபளப்பான இடம் கிடைத்திருந்தால் இயேசுநாதர் எழுந்து வந்திருப்பாரா என்பது சந்தேகம். பண்டிகை முடிந்ததும் உடைத்துப் பின்னாலிருந்த ஏரியில் கொட்டிவிடுவார்கள். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அந்த வெள்ளை உருண்டைகள் கரையோரமாக மிதந்துகொண்டிருக்கும்.

அதைப் பார்த்துப் பொறுக்காதவள் என் சித்தி. அம்மாவின் தங்கை, கிழக்குத் தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு அவள்தான் டீச்சர். அந்த வருஷம் கல்லறை செய்யும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. களிமண்ணைக் குழைத்துக் குகை கட்டினோம். சுற்றிலும் வைக்க மூங்கில் தட்டுகளில் வெந்தயமும் கேழ்வரகும் விதைத்தோம். தண்ணீர் தெளிப்பது என் வேலை. பெரிய வெள்ளிக்குள் பச்சைப்பசேலென்று வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்தபோது சபைச் செயலாளர் வந்தார். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவர் மகனுக்குத்தான் சித்தியைப் பேசியிருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயம். எனக்கு ஃபிரில் வைத்த கவுன்கூடத் தைக்கக் கொடுத்தாயிற்று. அதுவரை அங்கிள் என்று அழைத்த செயலாளரை மாமா என்று கூப்பிடச் சொல்லி அம்மா சித்தியைப் பழக்கியிருந்தாள்.

“என்னம்மா இது, முளைப்பாரி மாதிரி? இது சர்ச்சா, அம்மன் கோயிலா?” என்றார் செயலாளர்.

“விதை போட்டா முளைக்கும் சார். தெர்மகோல் போட்டா ஏரிதான் நாறும்” என்றாள் சித்தி.

மாமா சாராகிவிட்டதை நான் கவனித்தேன். வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

“சபையார் பாக்கறதுக்குள்ள எடுத்துடும்மா. இவ்ளோ பிடிவாதம்னா நாங்களும் யோசிக்க வேண்டியிருக்கும்.”

“தாராளமா யோசிங்க சார். இது இங்கதான் இருக்கும்.”

போதகர் மைக்கைத் தட்டிப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார். சித்தி கல்லறைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொடிசுகள் நாங்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் செயலாளர் போய்விட்டார். சித்திக்குத் திமிர் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், இன்றைக்கும் எனக்கு அந்தத் திமிரைப் பிடிக்கும்.

மறுநாள் விடியற்காலை ஆராதனையில் கல்லறை வைத்த இடத்திலேயே இருந்தது. பாட்டு நடக்கும்போதும் எல்லோர் கண்ணும் நான் வளர்த்த பச்சையின் மேல்தான். ஆராதனை முடிந்ததும் செயலாளர் அப்பாவை ஸ்கூட்டர் பக்கம் தனியே அழைத்துப் பேசினார். வீட்டுக்கு வந்து அம்மா பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். கல்யாணம் நின்றுபோனது எனக்கே புரிந்துவிட்டது.

சித்தியோ தட்டு நிறையப் போட்டுக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டாள். பாவம், இவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் போய், “சித்தி, உனக்குக் கல்யாணம் கிடையாதாம்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“தெரியும்டி. அந்தத் தயிர்ப்பச்சடிய இப்படித் தள்ளு.”

அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறாள் என்று பயந்து, அன்று முழுக்க அவளைத் தனியே விடாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.