ஒன்றரை முழச் சட்டம்

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியக் கடற்கரையில் சுறாமீன்களை அளந்துகொண்டிருந்தேன். ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத தோட்டத்துப் பிள்ளை, கடலைக் காப்பாற்றக் கிளம்பியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சுறா குறைந்து வருகிறதென்று ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியிருந்தார்கள். மீனவர்களோடு பழகி, குட்டிகளைக் கடலிலேயே விடும்படி சொல்வதுதான் என் வேலை.

குட்டியைக் கண்டுபிடிக்க நானே ஒரு வழி சொன்னேன். ஒன்றரை முழத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் உங்கள் பாடு. மலாய்க்காரர்களும் முழக்கணக்கு அறிந்தவர்கள், அதனால் சுலபமாகப் புரிந்தது. புரிந்ததே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் படகுத்துறையில் கால் கடுக்க நின்று, பெரிய மனிதனென்று கேலி கேட்டு, ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தேன். குட்டிகள் தப்பட்டும் என்று பெரிய கண்ணி வலைக்கு மாறினார்கள். பெரிய சுறாக்கள் நிறைய வரும் ஆற்றுமுகத்துக்கு அந்த வலையைக் கொண்டுபோனார்கள். கயிறும் கையுமாக நின்று அவற்றை அளந்து எழுதினேன். எல்லாம் ஒன்றரை முழத்துக்கு மேல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அளந்த மீன்கள் அறுபடாமலே ஐஸ் பெட்டியில் சந்தைக்குப் போய்விடும்.

அப்போதுதான் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. மனைவிக்குப் பால் போதவில்லை. குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அழுதது. பிள்ளைப்பேறு பார்க்கப் பெண்டாங்கிலிருந்து வந்திருந்த என் அக்கா இரண்டு நாள் பொறுத்தாள்.

"ஊரு சுறாவையெல்லாம் அளக்குற. வீட்டுக்கு ஒரு பால் சுறா கொண்டாரக் கூடாதா தம்பி? புட்டு வச்சுக் குடுத்தா பால் ஊறும்லா."

மீனவர்களிடம் எதையும் கேட்டு வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவன் நான். குழந்தையின் அழுகை அதை உடைத்தது. எனக்குப் பழக்கமான ஒரு மலாய் மீனவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி தமிழனான என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் பால் சுறா கேட்டேன். பெரியதா என்று இரண்டு தரம் கேட்டார். பெரியதுதான், என் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றேன். ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டு முழ நீளத்தில் ஒன்றைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. குசினியில் அக்கா அதன் வயிற்றைக் கீறியவள், அருவாமனையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உள்ளே நான்கு குட்டிகள், கண்ணும் செவுளும் முழுசாக வளர்ந்து, பிறக்க வேண்டியதுதான் பாக்கி.

"இது புள்ளத்தாச்சி தம்பி. இத அறுத்தா புள்ள பெத்தவளுக்குப் போடச் சொல்ற?"

அவள் சமைக்கவில்லை. வாழைமரத்தடியில் குழி வெட்டி ஐந்தையும் புதைத்தேன். குழந்தைக்குப் பால்மாவு வாங்கிவந்தோம். மனைவி அடுத்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் படகுத்துறைக்குப் போய் அந்த மீனவரைப் பிடித்தேன். இந்த மாதங்களில் பெரியவையெல்லாம் குட்டி போடத்தான் ஆற்றுமுகத்துக்கு வருகின்றன என்று வலையை உதறியபடியே சொன்னார். நான் அளந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தானாம். அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியுமாம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்தியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"அண்ணே தாக் தான்யா," என்றார். நீங்கள் கேட்கவில்லையே.

உண்மைதான். ஒன்றரை வருடம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள்கூட அவர்களைக் கேட்கவில்லை.