கூப்பிட்டவர் மட்டும் வரட்டும்

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டபடி நிரலில் ஒரு வரியை வெட்டுகிறார். என்டரைத் தட்டுகிறார். உதட்டைப் பிதுக்குகிறார். மறுபடி வெட்டு. சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகமே காலியாகிவிடும். இவர் மட்டும் சொந்தக் கணினியோடு இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் வைத்த பெயர், கத்தரிக்கோல் அக்கா.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் நிரல்கள்தான் இவர் தொழில். அவை விழித்தெழத் தாமதித்தால் இவருக்குப் பொறுக்காது. "கதவைத் திறன்னா, வீடு முழுக்கப் பெருக்கிட்டுத்தான் திறக்குது. வேணுங்கறப்ப பெருக்கிக்கக் கூடாதா?" என்பார். கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன், அவர் வீட்டுக்குப் போகும்வரை.

அக்காவின் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சரியான வாயாடி மனிதர். இப்போது கணினியில் 'சொல்' என்று கட்டளையிட்டு வாக்கியத்தைத் தட்டினால், நிரல் விழித்து வாசிக்கும். அது விழிப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். அதனால், அவர் விரல் அசைந்தாலே அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் அடக்குவார். கேலி ஆறிப்போய் வந்து விழும். நாங்கள் மரியாதைக்குச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு அவருக்குப் புரியாதா என்ன? மெல்ல மெல்லத் தட்டுவதையே குறைத்துக்கொண்டார். "ஆபரேஷன்ல இல்ல, இப்பத்தான் அவன் ஊமையாயிட்டு வரான்," என்று மாடிப்படியில் நின்று அக்கா அழுதார்.

விழிக்கும்போதெல்லாம் அந்த நிரல், புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் விசாரித்தது. "வாயைத் திறக்க ஊரைக் கேக்கணுமா?" வெட்டினார். அண்ணன் பேசவே பேசாத மொழிகளின் அகராதிகளை வெட்டினார். கடைசியில் மிஞ்சியது ஒரு கோப்புறை. அறுவைக்கு முன் அண்ணன் பதிந்துவைத்த சொந்தக் குரல். அதைக் கொண்டு கணினியைப் பேசவைக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நிரல் அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தது.

ஊரையே வெட்டியவருக்கு, அதைப் படிக்கச் சொல்லும் அந்த ஒரு வரியில் கை ஓடவில்லை. நெடுநாள் தொடாமலே வைத்திருந்து, ஒருநாள் அண்ணனிடமே கேட்டுவிட்டார். அவர் தட்டினார். காத்திருந்தோம்.

"அவன் போயிட்டான். இருக்கிறவனைப் பேச விடு."

அக்கா அந்தக் குரலை அழிக்கவில்லை. கேட்டால் மட்டும் வரும்படி ஓரமாக நகர்த்தி வைத்தார்.

போன வாரம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் உடம்பைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். "டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு..."

அண்ணனின் விரல்கள் அசைந்தன. வழக்கம்போல அக்காவின் கை எழுந்தது.

"ஃப்ரிஜ் வரைக்குமா?"

அண்ணிக்குப் புரையேறிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் மரியாதை துளியும் இல்லை. பாதியில் நின்ற கையை என்ன செய்வதென்று தெரியாமல், அக்கா அதைக் கொண்டே தன் வாயைப் பொத்திக்கொண்டார்.