சனிக்கிழமை ஒரு மணி நேரம்

என்னோடு பாடம் நடத்திய வேலாயுதம் மாஸ்டர் பூண்டுலோயாவில் தங்கை வீட்டில் காலமான செய்தியை, காலை பஸ் கண்டக்டர்தான் எங்கள் ஹட்டன் வர்த்தகப் பள்ளி வாசலில் இறங்கிச் சொன்னார். நான் கணக்குப் பதிவு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தை எந்த இடத்தில் விட்டேன் என்று இன்னும் நினைவுக்கு வரவில்லை.

கடைகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் குமாஸ்தாக்களைத் தயார் செய்யும் பள்ளி இது. பஜார் முதலாளிமார் தயவில் நடப்பது. டைப்பும் கணக்கும் கடிதமும் போதும் என்று எல்லோரும் இருந்தபோது, சனிக்கிழமை ஒரு மணி நேரம் நியாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவர் மாஸ்டர். "கடைக்கு ஆளுதானங்க கேட்டோம், சாமியாரா கேட்டோம்?" என்று கேலி செய்தார் பள்ளிக் கமிட்டிக் காரியதரிசி. "களவு தெரியாத ஆளு கெடைச்சா கசக்குதாங்க?" என்றார் மாஸ்டர்.

அந்த வகுப்பில் உபதேசம் கிடையாது. ஒரு தராசைக் கொண்டுவந்து வைப்பார். ஈரம் என்றும் கூடைப் பாரம் என்றும் சொல்லி, கொழுந்தெடுக்கும் பெண்களின் நிறுவையில் கூடுதலாகக் கழிப்பது பல தோட்டங்களில் வழக்கம். "தராசுக்கு அந்தப் பக்கம் ஒங்க அம்மா நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. இப்ப எம்புட்டுக் கழிப்பீங்க?" என்பார்.

அதுவே வினையானது. லிந்துலைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த எங்கள் மாணவன் ஒருவன், கூடுதலாகக் கழிக்க மாட்டேன் என்று சொல்லி வேலையை இழந்தான். அவனுடைய அப்பா பள்ளிக்கே வந்து கத்தினார்: "ஒங்க பாடம் எங்க வயித்துல அடிச்சிருச்சுங்க!" மாஸ்டர் சமாதானம் சொல்லவில்லை. "நீங்க சொல்றது சரிதாங்க. கீழ இருக்கிறவனுக்கு மட்டும் சொல்லிக்குடுத்து, அவனத் தனியா நிக்க விட்டுட்டேன்" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுவாரமே கடை கடையாக ஏறி இறங்கி முதலாளிமாரையும் அந்த வகுப்புக்கு அழைத்தார். முதல் சனிக்கிழமை மரியாதைக்கு வந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "மொதலாளிங்க வராம இது அரைப் பாடந்தாங்க" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி, கடைசி வாரம்வரை முன்பெஞ்சை அவர்களுக்காகக் காலியாகவே வைத்திருந்தார். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு எல்லா முதலாளிமாரும் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் முடியாததுமாகக் காரியதரிசி என்னைத் தனியே கூப்பிட்டு, "சனிக்கிழம அந்த நேரம் இனிமே சும்மாதானங்க? டைப் வச்சிரலாமே" என்றார். முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கியது. என் வேலை நிலைக்குமா, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான். அவரைத் தங்கமான மனிதர் என்று மேடையேறிப் புகழ்ந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வரும் சனிக்கிழமை வகுப்பு உண்டு. உங்கள் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை.