குரலுக்குப் பின்னால் வந்த முகம்

நவமணி அக்காவின் வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் ஒரு டிஷ் நிற்கிறது. புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த டிஷ்ஷின் நிழலில்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். அது எதற்கு என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. பத்தொன்பது வயதில் தொழிற்சாலையில் சேர்ந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அலைவரிசையைப் பிடிக்கும் தீப்பெட்டி அளவுத் தகரப் பெட்டி இருக்கும், ட்யூனர் என்பார்கள். அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சோதிப்பது அவர் வேலை. பதினேழு வருடம். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. போகும்போது எல்லோருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அக்காவுடையது இன்னும் ஓடுகிறது, பத்து நிமிடம் முன்னால்.

டிஷ்ஷை நட்டது அக்காவும் அவருடைய தம்பி ரூபனும். சானல் பார்க்க அல்ல. ஊர் ஊராக விளையாட்டு மைதானத்திலிருந்தும் வெள்ளம் வந்த இடத்திலிருந்தும் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பும் வெட்டி ஒட்டாத படங்கள் வானத்தில் ஏறி இறங்குகின்றன. ஃபீட் என்பார்கள். பூட்டுப் போடாமல் வருவதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். செய்தியாளர் தலை சீவிக்கொள்வது, யாரோ டீ கொண்டுவந்து கொடுப்பது, ஒரு நாய் குறுக்கே போவது எல்லாம் வரும். அக்காவுக்கு அதுதான் பிடிக்கும். “நெசமா இருக்கிறது அந்தக் கொஞ்ச நேரம்தான்லா. அப்புறம் எல்லாம் மேக்கப்பு,” என்பார்.

ரூபன் அண்ணன் அந்த வேலைக்கே போய்விட்டார். சிங்கப்பூரில் ஒரு நிறுவனம். மடக்கு டிஷ்ஷைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் போட்டிகளை அனுப்புவார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. அவருடையது எஸ்ஜி ஏழு. ஒளிபரப்புக்கு முன் வரும் வண்ணப் பட்டைகளின் மேல் அந்தப் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் நிற்கும். பிறகு கேமராவுக்கு எது வெள்ளை என்று காட்ட, யாராவது ஒருவர் செய்தியாளரின் இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எப்போதும் ரூபன் அண்ணன்தான் நிற்பார். “நாளைக்குக் காலைல டாக்கா, பாரு,” என்று முந்தின நாளே சொல்லிவிடுவார். தாளைப் பிடித்தபடி இடது புருவத்தை மட்டும் தூக்குவார். இங்கே அக்கா சிரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் அம்மா இறந்துபோனார். ரூபன் அண்ணன் எங்கோ ஒரு தீவில் இருந்தார், விமானம் கிடைக்கவில்லை. நான்கு மணிவரை உடலை வைத்திருந்தார்கள். அதற்கு மேல் முடியாமல் அக்காவே கொள்ளி வைத்தார். அன்று இரவு அவர் அழைத்தபோது அக்கா சொன்னது: “உன் வேலைய நான் செஞ்சிட்டேன். இனிமே நீ வந்தா என்ன, வராட்டி என்ன?” அதன் பிறகு அழைப்பு இல்லை. அக்கா இரண்டு முறை கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. ஆனால் எஸ்ஜி ஏழு வரும் நாட்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி வெள்ளைத் தாளோடு வந்து நின்றார். புருவத்தைத் தூக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது போன பிப்ரவரியில். சிம்பாங் பூலாயில் ஒரு கல் குவாரியில் லாரிக்கு எடை போடும் வேலை எனக்கு. பட்டம் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அக்கா எங்கள் வேலியருகே வந்து நின்றார்.

“என்ன யுகேன், இஞ்சினியரே, லாரிக்கெல்லாம் இன்னைக்கு வெயிட் கூடியிருக்கா?”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா.”

“போர் டூ டூன்னா என்ன? படிச்சிருக்கியா?”

படித்திருந்தேன். தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்வி. வீட்டுக்கு வரும் படத்தில் நிறத்தைக் குறைத்துவிடுகிறார்கள், நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். நிலையத்துக்குப் போகும் படத்தில் இரண்டு புள்ளிக்கே ஒரு நிறம். அதற்குத்தான் போர் டூ டூ, 4:2:2, என்று பெயர். வீட்டுப் பெட்டியில் இருக்கும் சில்லுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. மனப்பாடமாகச் சொன்னேன்.

“அப்ப அதான்,” என்றார் அக்கா. “அக்டோபர்லருந்து அவனுங்க மாத்திட்டானுங்க. சிக்னல் எழுபத்திரெண்டு காட்டுது, பேரு வருது, சத்தம் வருது. படம் மட்டும் கறுப்பு.” வேலியைப் பிடித்துக்கொண்டார். “மூணு வாரமா மைக் டெஸ்ட்ல ரூபன் இருமுறான். ஒண்ணு, ரெண்டு சொல்லுறதுக்குள்ள இருமுறான். மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா போதும்.”

“அந்தப் போன் நம்பர்தான் இருக்கே, கூப்பிடுங்களேன்.”

“அது வேல நம்பர்லா. வேல எடத்துக்குக் குடும்பச் சண்டையக் கொண்டுபோகக் கூடாது.”

மறுநாள் காலை என் லேப்டாப்பையும், படிக்கும்போது ஒரு செய்முறைக்கு வாங்கிய யுஎஸ்பி ட்யூனரையும் எடுத்துக்கொண்டு போனேன். டிஷ் ஒயரை அதில் செருகினேன். அலைவரிசை எண்களை அக்கா பார்க்காமலே சொன்னார். பதினொன்றரைக்கு எஸ்ஜி ஏழு என்ற பெயர் திரையில் வந்தது. காட்மாண்டுவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம். ஒலி வந்தது: காற்று, யாரோ நடக்கும் சத்தம். படம் முழுப் பச்சை. நடுவில் கிழிந்த துணிபோலக் கோடுகள்.

“கறுப்பு பச்சையாயிருச்சு. முன்னேற்றம்தான்,” என்றார் அக்கா.

ட்ரைவரை மாற்றினேன், வேறு ப்ளேயரைப் போட்டேன், லேப்டாப்பை நிறுத்திப் போட்டேன். மறுபடியும் பச்சை.

“காட்மாண்டு, செக். ஒண்ணு, ரெண்டு...” ரூபன் அண்ணனின் குரல். பிறகு இருமல். நீளமான, அடியிலிருந்து வரும் இருமல். அக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

“லேப்டாப் ரோசாக் ஆயிருச்சா?”

“இல்லக்கா, கெட்டுப்போகல. கிராபிக்ஸ் கார்டு நல்ல கார்டு. அதுதான் வேகமாப் பிரிக்கும்...”

“நல்ல கார்டுன்னு யாரு சொன்னா?”

“பெட்டில போட்டிருந்துச்சு.”

“எங்க பேக்டரி லைன்ல ஒரு போர்டு பெயிலானா, நல்லதுன்னு நெனைக்கிறதத்தான் மொதல்ல வெலக்கிட்டுப் பாப்போம். அத வேல செய்ய விடாத. மெதுவா இருந்தாலும் பரவால்ல, வேற வழில போ.”

நான் கையை விசைப்பலகையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மதிப்பெண் கேள்விக்கு நானே எழுதியதுதான்: வீட்டுச் சில்லுக்குப் பிரிக்கத் தெரியாது. என் கார்டும் வீட்டுச் சில்லுதான் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ப்ளேயரின் அமைப்புக்குள் போய் அந்தக் கார்டை நிறுத்தினேன். பிரிக்கும் வேலை முழுவதும் கணினியின் மூளைக்கே போனது. லேப்டாப்புக்குள் காற்றாடி இரைந்தது. படம் இரண்டு முறை விக்கியது. பிறகு நிலைத்து நின்றது.

பச்சைப் புல். அப்பால் மலை. நடுவில் வெள்ளைத் தாளோடு ஒரு மனிதர்.

நான் அவ்வளவு தெளிவான படத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் நரை. மூக்கு நுனி சிவந்திருந்தது. மெல்லிய சட்டைக்கு மேல் எதுவும் இல்லை. அக்கா அருகில் போய்த் திரையில் அந்தக் காதோரத்தை ஒரு விரலால் தொட்டார்.

“முப்பத்தாறுதான் ஆகுது இவனுக்கு,” என்றார்.

ரூபன் அண்ணன் மறுபடி இருமினார். தாள் நடுங்கியது. அக்கா சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். பின் அட்டையில் பென்சிலால் எழுதிய அந்த வேலை எண். மூன்று வருடமாக நாட்காட்டி மாறும்போதெல்லாம் எழுதி எழுதி வந்திருக்கிறார். கைப்பேசியில் அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார்.

திரையில் ரூபன் அண்ணன் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை எடுக்கும் முன்பே குரல் இங்கே வந்துவிட்டது. “செவன். கோ அஹெட்.” வானத்துக்கு ஏறி இறங்கி வரும் படம் மூன்று நொடி பிந்தித்தான் வரும்.

அக்கா கைப்பேசிக்கு அருகில் குனிந்தார்.

“ஹலோ? செவன் ஹியர்.”

“வெறும் சட்டயோட நிக்கிற,” என்றார் அக்கா. “குளிரு தாங்குமா?”

திரையில் அவர் இன்னும் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த முகம் அப்படியே நின்றது. நேராகக் கேமராவைப் பார்த்தது.

“அக்கா, இது போர் டூ டூ ஆச்சே. எப்படிப் படம் வருது உனக்கு?”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “மூணு வருஷம் கழிச்சு கேக்குற கேள்வியாடா இது? பக்கத்து வீட்டு யுகேந்திரன் லேப்டாப்ல வருது. டாக்டர்கிட்ட போனியா இல்லையா?”

“போனேன். நெஞ்சுச்சளி, மருந்து சாப்பிடுறேன். ஜாக்கெட் பெட்டில இருக்கு.” இருமினார். “அக்கா, அன்னைக்கு...”

“அத அப்புறம் பேசலாம். அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல. ஜாக்கெட்ட போடு.”

“அஞ்சு நிமிஷத்துல லைவ். முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்.”

போன் வைக்கப்பட்டது. திரையில் அவர் இன்னும் அதைக் காதில் வைத்திருந்தார். பிறகு கீழே இறக்கி, தாளை எடுத்து, பழையபடி பிடித்தார். இடது புருவம் ஏறியது.

அதற்குள் செய்தியாளர் வந்துவிட்டார். அக்கா ஆட்டம் தொடங்கும்வரை அந்த அந்நியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு ரூபன் அண்ணன் கூப்பிட்டாராம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அக்கா கம்பியில் போட்ட துணி மழையில் நனைந்துகொண்டிருந்தது, எடுக்க யாரும் வரவில்லை. நான்தான் போய் எடுத்து வைத்தேன்.

லேப்டாப் இன்னும் அங்கேதான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் நானும் போய் உட்காருகிறேன்.